நாலணாப் பயிர்

விஜயபுரத்துப் பக்கத்தில் விளைச்சலை அணாவில் சொல்வார்கள். ரூபாய்க்குப் பதினாறணா என்பது போல, நிலம் தரக்கூடியதை முழுதாகத் தந்தால் அது பதினாறணாப் பயிர். பாதி தந்தால் எட்டணா. நாலணாவுக்கு மேல் போகவில்லை என்றால் சர்க்கார் அந்த வருஷத்து நிலவரியைத் தள்ளிவிடும். அதற்கு வஜா என்று பெயர். ஆகவே தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து "பயிர் எத்தனை அணா?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நாலணாகூடத் தேறாது சாமி" என்று சொல்ல வேண்டும். வந்தவர் அதை நம்பமாட்டார். ஆறு என்றோ ஏழு என்றோ எழுதுவார். அவர் நம்பமாட்டார் என்பது சொல்கிறவனுக்கும் தெரியும். சந்தையில் புடவைக்குப் பாதி விலை கேட்பதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

1937ஆம் வருஷம் ஆவணியில் பெய்த மழையோடு சரி. ஐப்பசி பாதியில் ஏரித் தண்ணீர் சேற்றில் போய் நின்றது. மடைகளுக்குக் கீழே சம்பா நெல் தூர் கட்டியதோடு நின்று மஞ்சளாகிவிட்டது. கடைசி மடையை ஒட்டியிருந்த ரங்கனின் ஒன்றரை ஏக்கர் மட்டும் பச்சையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால், உலர்ந்த பாயின் ஓரத்தில் யாரோ ஒரு ஈரத்துணியை விரித்து வைத்ததுபோல் தெரியும்.

ரங்கனின் அப்பன் காலமெல்லாம் பிறர் நிலத்தில் கூலி செய்தவன். மனு மேல் மனு போட்டு, பதினோரு வருஷம் தாலுகா ஆபீஸுக்கு நடந்து, யாரும் சீண்டாத அந்தக் களர் மூலையைத் தன் பேரில் பட்டாவாக வாங்கினான். அடுத்த வருஷமே செத்துப்போனான். கிணற்றை ரங்கனும் அவன் மனைவி செங்கம்மாவும் இரண்டு கோடைகளில் தோண்டினார்கள். நாலு ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர்தான் இப்போது பச்சையாக நின்றது.

கிணற்றிலிருந்து நீரைக் கவலை கட்டித்தான் இறைக்க வேண்டும். ஜோடி மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். பெரிய தோல் சால் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கவிழும். ரங்கனிடம் இருந்தது ஒற்றை மாடு, செவலை. இன்னொன்று வாங்கத்தான் பாங்குக் கடன்.

சித்தூரில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு பாங்கு, திருப்பதிக் கிளையில் சிறு விவசாயிகளுக்குப் பயிரின் பேரில் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ரங்கனுக்கு எழுதியது நூற்றிருபது ரூபாய். நடவுக்கு முன் அறுபது கைக்கு வந்தது. புண்ணாக்குக்கும் நடவாள் கூலிக்கும் அது தீர்ந்தது. கதிர் வெளிவரும் சமயத்தில் பாங்கு ஆள் ஊருக்கு வந்து பயிரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அதன் பிறகு மீதி அறுபது. அதுவரைக்கும் அதே தெருவில் இருந்த கோவர்த்தனனின் மாட்டைச் செவலையோடு பூட்டிக்கொள்வது, பாங்குப் பணம் வந்ததும் வாடகையை மொத்தமாகக் கொடுப்பது என்று பேச்சு.

ஒரு வியாழக்கிழமை கர்ணம் நாகபூஷணம் ஏரிக்கரைக்கு வந்தார். ஊர்க் கணக்கு எழுதுகிறவர் அவர். தெலுங்கு வாய், தமிழ் பேசும்போது இரண்டும் கலந்து வரும்.

"இந்த வாரம் இல்லாட்டி வர்ற வாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்தரும், எல்லாரும், ஒரே பேச்சாச் சொல்லணும். மூணணா, மிஞ்சினா நாலணா. அர்த்தமாயிந்தா?"

"ஆயிந்தி சாமி" என்றார்கள்.

கோவர்த்தனன் ரங்கன் பக்கம் திரும்பினான். "எங்களுது காஞ்சி கெடக்குது, பார்த்தாலே தெரியும். உன்னுதுதாண்டா பச்ச வேட்டி கட்டிக்கினு மாப்ள மாதிரி நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. இவன் ஒரு வயலப் பார்த்துட்டு, ஏரிப் பாய்ச்சலு மொத்தமும் நல்லாக்கீதுன்னு அந்தாளு எழுதிட்டான்னா நம்ம வஜா போச்சு. அப்புறம் என் மாடு உன் கவலைக்கு வராது ரங்கா, சொல்லிட்டேன்."

"மாடு வரலன்னா நீயே வந்து பூட்டிக்க அண்ணா" என்றாள் செங்கம்மா. "ஒடம்பு நல்லாத்தான் வளத்து வச்சிக்கீற."

கர்ணத்துக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ரங்கன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஏரியின் கீழ் நிலம் வைத்திருந்தவர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவன் அவன். "நான் ஏன் வேற சொல்றேன்? எல்லாரும் சொல்றதத்தான் சொல்வேன்" என்றான்.

நாலாம் நாள், திங்கட்கிழமை, வெயில் ஏறிய பிறகு ஏரிக்கரைமேல் ஒரு சைக்கிள் வந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த செங்கம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். காக்கி அரைக்கால் சட்டை, தோல் பை, தலையில் துரைமார் போடும் தொப்பி.

"யோவ், தொப்பி வருது" என்றாள்.

ரங்கன் சட்டென்று மாடுகளை அவிழ்த்துப் பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் ஓட்டினான். தண்ணீர் இறைத்த அடையாளம் தெரியக் கூடாது. செங்கம்மா ஈரமாக இருந்த வாய்க்காலின்மேல் பிடுங்கிப் போட்டிருந்த களையை வாரி இறைத்தாள். இரண்டு பேரும் வரப்பில் வந்து கைகட்டி நின்றபோது சைக்கிள் வந்து சேர்ந்தது.

வந்தவன் பெயர் கிருபானந்தம். திருப்பதிக் கிளையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூட விடுதியிலேயே வளர்ந்தவன். நெற்பயிரை ரயில் ஜன்னல் வழியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறான். பயிரை மதிப்பது எப்படி என்று பாங்கில் ஓர் அச்சடித்த தாள் கொடுத்திருந்தார்கள். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளில் வரும் வழியெல்லாம் அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். தொப்பி, வெயிலுக்காக அவன் மனைவி தலையில் வைத்து அனுப்பியது.

"ஆபீஸிலிருந்து வர்றேன். பயிர் பார்க்கணும்" என்றான்.

பாங்கில் எல்லோரும் அதை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவன் மனத்தில் இருந்தது திருப்பதி ரதவீதிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ரங்கனுக்கும் செங்கம்மாவுக்கும் உலகத்தில் ஆபீஸ் என்று ஒன்றுதான் உண்டு. கடன் வாங்கப் போனபோது அவர்கள் பாங்கில் பார்த்த ஆள் தலைப்பாகை கட்டி, பஞ்சகச்சம் உடுத்திய வயசானவர். அவர்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரங்கன்தானே? பட்டா ஒன்றரை ஏக்கர்?"

"ஆமா சாமி." ஆபீஸ்காரர்களிடம் பேரும் பட்டாவும் இல்லாமல் இருக்குமா?

"பயிர் எத்தனை அணா இருக்கும்?"

"அணாவா சாமி?" ரங்கன் வயலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "நாலணாகூடத் தேறாது."

கிருபானந்தம் வயலைப் பார்த்தான். காற்று வந்தபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிறம் மாறி, மறுபடி நிமிர்ந்தது. அவன் கணக்கில் ஒன்பது வந்திருந்தது.

"பச்சையாத்தானே இருக்கு?"

"பச்ச ஏமாத்தும் சாமி" என்றாள் செங்கம்மா. "வெளிய பார்க்கறதுக்குத்தான் பொண்ணு மாதிரி கீது. உள்ள ஒண்ணுமில்ல. வாங்க, காட்றேன்."

வடக்கு மூலைக்கு அவனை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே களர் மேடு, தண்ணீர் ஏறாது. முன்னதாக வந்த சில கதிர்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒரு பிடி பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கி, அவன் முகத்துக்கு எதிரில் ஊதினாள். உமி பறந்தது.

"பார்த்தீங்களா? இதத் துன்னக் குருவிகூட வராது."

ரங்கன் பின்னாலிருந்து இருமினான். போதும் என்று அதற்கு அர்த்தம்.

"மூணு மாசமா வயித்தக் கட்டிக்கினு கெடக்கறோம் சாமி. இன்னாத்த அறுக்கறது, இன்னாத்தத் துன்றது" என்று அவள் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். அவள் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. சொல்லத் தொடங்கினால் எதையும் முழுதாகச் சொல்கிறவள் அவள்.

கிருபானந்தம் பையிலிருந்து கட்டம் போட்ட பாங்குப் பாரத்தை எடுத்தான். ஆறணாவுக்குக் குறைந்தால் இரண்டாம் தவணை கிடையாது என்பது பாங்கு விதி. அந்த எண்ணை விவசாயியிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. சொன்னால் எல்லோரும் ஏழு என்று சொல்லிவிடுவார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா எழுதினதுதான்."

"எழுதுங்க சாமி. ஒங்க புண்ணியத்துல எழுதுங்க" என்றான் ரங்கன்.

விவசாயி சொன்ன அளவு என்ற கட்டத்தில் நாலு என்று எழுதினான். பார்வையிட்டவர் கண்ட அளவு என்ற அடுத்த கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தினான். குறைத்துச் சொன்னால் தனக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும் ஒருவன் சொல்கிற வார்த்தை பொய்யாக இருக்க முடியாது என்று நினைத்தான். புத்தகத்தைப் பார்த்துப் பயிரை மதிக்கிற தன் கண்ணைவிட அது பெரிது. அங்கேயும் நாலு என்று எழுதினான். ரங்கனின் பெருவிரலில் மை தடவி அழுத்தினான்.

"கொஞ்சம் பார்த்து எழுதுங்க சாமி" என்றாள் செங்கம்மா கடைசியாக. அந்தக் குரல் சைக்கிளோடு வெகுதூரம் வந்தது.

அவன் ஏரிக்கரையைத் தாண்டி மறைந்ததும் ரங்கன், "நீ கூத்துல ஆடப் போயிருக்கலாம்மே" என்றான். செங்கம்மா வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு மாடுகளை ஓட்டிவந்து பூட்டினார்கள். சால் நிறைந்து மேலே வந்தது.

பாரம் மறுநாள் தபாலில் சித்தூருக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் கிருபானந்தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஜெயசீலியிடம் அதைப் பற்றிச் சொன்னான். அவள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மனசே ஆறல ஜெயசீலி. பணம் வேணும்னு காத்துக்கிட்டு இருக்கிற மனுஷன். ஏழுன்னு சொல்லியிருந்தா நானும் எழுதியிருப்பேன். தன் வாயாலேயே நாலுன்னான். அந்தம்மா என்னைக் கூட்டிட்டுப் போய்க் கெட்டுப்போன கதிரைக் காட்டுறாங்க. இப்படியும் உண்மையா இருக்காங்க."

ஜெயசீலியின் அப்பா நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் வாத்தியாராக இருந்தவர். அவள் அங்கேதான் வளர்ந்தாள்.

"தொப்பி போட்டுக்கினா போனீங்க?" என்று கேட்டாள்.

"நீதானே வச்சு அனுப்பின."

"போய் இன்னா சொன்னீங்க?"

"ஆபீஸிலிருந்து வர்றேன்னு சொன்னேன்."

அவள் கை நின்றது. அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் வைத்தாள்.

"ஏங்க, அவங்க உங்கள வஜாக்காரர்னு நெனச்சிருக்காங்க."

வஜா என்றால் என்ன என்று அவள் சொன்னாள். தன் அப்பாவின் வகுப்பில் பாதி மாணவர்கள் நாலணா என்ற வார்த்தையைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது அவன் நினைவுக்கு வந்தது. ஒன்பது. அவன் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மானேஜர் ஆதிநாராயணனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சூடப்பா, இதப் பாரு கிருபானந்தம். போன வருஷம் வேர்க்கடலைக்குக் கொடுத்ததுல நாப்பது பேர் கடன் திரும்பல. பன்னெண்டணாப் பயிர்னு சொன்னான், போய்ப் பார்த்தா செடியே இல்ல. அந்தப் பணம் யாருது? இந்தத் தெருவுல கைம்பெண்டாட்டிங்க போட்ட டெபாசிட்டு. அதான் சித்தூர்ல ரூல் போட்டாங்க. நல்ல பயிர்னு சொல்றவனை நம்பக் கூடாதுன்னு."

"இவன் கெட்ட பயிர்னுதானே சார் சொன்னான்?"

"அதுக்குத்தான் ரூல் இல்ல. கெட்ட பயிர்னு சொல்றவனை நம்பக் கூடாதுன்னு எவனுக்குத் தோணும்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "விவசாயி சொன்னதும் நாலு, நீ பார்த்ததும் நாலு. கைநாட்டு வேற இருக்கு. உன் கட்டத்துலயாவது ஒன்பதுன்னு இருந்தா நான் பேசியிருப்பேன். மறுபார்வைக்கு உத்தரவு கேட்டு எழுது. நான் சிபாரிசு பண்றேன். ஆனா சித்தூர்ல கமிட்டி கூடணும்."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"மூணு வாரம் ஆகலாம்."

கிருபானந்தம் அன்றே எழுதினான். தப்பு தன்னுடையது என்று இரண்டு இடத்தில் எழுதினான். மானேஜர் ஒரு இடத்தை அடித்துவிட்டு அனுப்பினார்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் ரங்கனும் செங்கம்மாவும் திருப்பதிக்கு வந்தார்கள். இரண்டாம் தவணைக்குச் சொல்லியிருந்த நாள் தாண்டிவிட்டது, பாங்கு ஆள் இன்னும் பயிர் பார்க்க வரவில்லையே என்று கேட்டுப் போக வந்திருந்தார்கள். செங்கம்மா கல்யாணத்துப் புடவையைக் கட்டியிருந்தாள். ஒருவேளை பணம் கையில் கிடைத்துவிட்டால் திரும்பும் வழியில் புத்தூர்ச் சந்தையில் மாடு பார்ப்பதாகத் திட்டம். ரங்கன் மடியில் ஒரு புதுக் கயிறுகூட இருந்தது.

உள்ளே நுழைந்ததும் செங்கம்மாதான் முதலில் பார்த்தாள். சுவரில் ஆணியில் அந்தத் தொப்பி தொங்கியது. அதற்குக் கீழே மேஜைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் ரங்கனின் கையைப் பிடித்தாள். "யோவ்" என்றாள்.

கிருபானந்தம் எழுந்து நின்றான். அவர்களை வெளி வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னான். ஆபீஸ் என்று சொன்னது தன் தப்பு என்றான். நாலு என்று எழுதியதும் தன் தப்புதான் என்றான். சித்தூருக்கு எழுதியிருப்பதைச் சொன்னான்.

ரங்கன் மடியிலிருந்த கயிற்றை உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டான். பிறகு மெதுவாக, "பயிரு பத்தணாவுக்கு மேல கீது சாமி" என்றான். "வேணும்னா வந்து பாருங்க. இப்பவே வாங்க. நான் பொய் சொல்லல."

"தெரியும்."

"அன்னிக்குச் சொன்னதுதான் பொய்யி."

"தெரியும் ரங்கா. உத்தரவு வரணும்."

"நான்தான் சாமி ஊதிக் காட்டினேன்" என்றாள் செங்கம்மா. "அவுரு நாலணாவோட நிறுத்திட்டாரு. நான்தான் கூட்டிக்கினு போயி காட்டினேன்."

"அத வுடுமே" என்றான் ரங்கன்.

"உத்தரவு எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு வாரம். கூடவும் ஆகலாம்."

அவள் விரல் மடித்து நாள் எண்ணினாள். கதிர் இப்போது பால் பிடிக்கும் சமயம். இந்த இரண்டு வாரம்தான் அதற்குத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பிறகு பணம் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. இதை அவள் கிருபானந்தத்திடம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது, அதைத் தாங்கமாட்டான் போல இருந்தது.

ஊர் திரும்பியதும் ரங்கன் கோவர்த்தனனிடம் போனான். பணம் தள்ளிப்போவதைச் சொன்னான். கோவர்த்தனன் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றபடி கேட்டான்.

"என் மாட்ட எத்தன நாளு சும்மா பூட்றது ரங்கா? ரெண்டு மாசம் ஆச்சி. எனக்கு ஒரு மணி நெல்லு வரப் போறதில்ல. நகரி ரோட்டுக்கு ஜல்லி அடிக்கறாங்க, வண்டிக்கு ஒரு நாளைக்கு முக்கா ரூபா தர்றாங்க. நாளைக்கே வரச் சொல்லிக்கீறாங்க."

"பதினஞ்சு நாளு அண்ணா. கதிரு முத்திட்டா போதும்."

"பதினஞ்சு நாளு என் புள்ளைங்க இன்னாத்தத் துன்னும்?"

"நீ சொன்னதாலதான நான் நாலணான்னு..."

கோவர்த்தனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வஜா வரும்டா. உனக்கும் சேத்துத்தான் வரும்" என்றான். மறுநாள் விடியும்போதே அவன் மாடுகள் ரோட்டுக்குப் போய்விட்டன. வேறு மாடும் ஊரில் இல்லை. தீனி இல்லாமல் பாதிப்பேர் விற்றிருந்தார்கள். மீதிப்பேர் ஜல்லி ஓட்டினார்கள்.

ஐந்து நாளில் பச்சை மங்கியது. ஏழாம் நாள் இலைகள் நூலாகச் சுருண்டன. செவலையை ஒற்றையாகப் பூட்டிப் பார்த்தார்கள். பாதிச் சரிவில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. ரங்கன் அதை அவிழ்த்துவிட்டு, வடத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். செங்கம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவர்த்தனனத்தான் பூட்டணும்னு சொன்னேன்" என்றாள். "நம்ம தலையில விடிஞ்சிச்சி."

சால் முழுக்க நிறைந்தால் இழுக்க முடியாது. அரைச் சால் அள்ளி இழுத்தார்கள். கீழே இறங்கி, மறுபடி மேலே நடந்து, மறுபடி இழுத்தார்கள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரைக்கும், பிறகு பொழுது சாயும்போது கொஞ்சம். அந்தத் தண்ணீர் கிணற்றோரத்து ஒரு துண்டு வயலைத் தாண்டிப் போகவில்லை. பத்து சென்ட் இருக்கும். அதைத் தாண்டி விட்டால் எதற்கும் போதாது என்று தெரிந்ததும், அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். பேசி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் காலையில் செங்கம்மா மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்தாள். ரங்கன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவில் நிஜமான ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் தொப்பி வைத்திருந்தார். ஏரிக்கரைமேல் நின்றபடியே பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாய்ச்சல் முழுக்க வஜா கிடைத்தது. ரங்கனுக்குத் தள்ளுபடியான வரி ஐந்து ரூபாய் சொச்சம்.

சித்தூரிலிருந்து மறுபார்வை உத்தரவு இருபத்துநாலாம் நாள் வந்தது. கிருபானந்தம் மறுநாளே புறப்பட்டான். இந்தத் தடவை வேட்டி கட்டி, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டான். ஏரிக்கரையில் ஒருவர் யார் என்று கேட்டபோது, "பாங்கிலேர்ந்து வர்றேன், பாங்கு" என்று இரண்டு முறை உரக்கச் சொன்னான். கேட்டவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கரைமேலிருந்தே தெரிந்தது. அவன் முன்பு பார்த்த வயல் அங்கே இல்லை. மற்ற வயல்களின் நிறத்தில் அதுவும் கலந்துவிட்டிருந்தது.

செங்கம்மா தனியாகக் காய்ந்த நெல்தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"தொப்பி இன்னா ஆச்சி சாமி?" என்றாள்.

"வீட்டிலயே வச்சிட்டு வந்தேன்."

"வெயில்ல கறுத்துடுவீங்க."

அவன் வரப்பில் நின்றான். "ரங்கன் எங்கே?"

"கோலாருக்குப் போயிட்டாரு. தங்கச் சுரங்கத்துக்கு ஆளு எடுக்கறாங்கன்னாங்க. நாலு நாளாச்சி. செவலைய வித்துட்டு ரயில் சார்ஜி எடுத்துக்கினாரு. மீதிய எங்கிட்ட குடுத்துட்டாரு." அரிவாளைக் கீழே வைத்தாள். "பாங்குல கட்ட வேண்டியத அங்கேர்ந்து அனுப்பறேன்னு சொல்லச் சொன்னாரு. நெலத்துல கைய வெக்கவேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"நான் சொல்றேன்" என்றான் கிருபானந்தம். அவன் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை.

உத்தரவைப் பையிலிருந்து எடுக்காமல் வயல் முழுவதும் நடந்தான். அச்சடித்த தாளில் சொல்லியிருந்தபடி பத்தடிக்கு ஒரு கதிரைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். வடக்கு மூலையில் மட்டும் இல்லை, இப்போது எங்கே கசக்கி ஊதினாலும் பறந்தது. கிணற்றோரம் வந்தபோது நின்றான். ஒரு சின்னத் துண்டில் நெல் மஞ்சளாக முற்றி, கனத்தில் வளைந்து கிடந்தது. கவலைச் சரிவைப் பார்த்தான். அதில் மாட்டுக் குளம்பின் தடம் இல்லை. நிறைய மனிதக் கால் தடங்கள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்து பாரத்தை விரித்தான். செங்கம்மா கிட்டே வந்து நின்றாள்.

"எத்தன போடறீங்க?"

"மூணு."

அவள் கிணற்றோரத் துண்டு வயலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு போடுங்க" என்றாள்.

"நாலுன்னாலும் பணம் வராதும்மா. ஆறு இருக்கணும்."

"பணத்துக்குச் சொல்லல சாமி. அந்தத் துண்டு கீதில்ல. அதுக்கு ஒண்ணு."

அவன் நாலு என்று எழுதினான். அவள் படிக்கத் தெரிந்தவள்போல் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு தானாகவே பெருவிரலை நீட்டினாள். அவன் மை தடவி, விரலைப் பிடித்து, கட்டத்துக்குள் அழுத்தினான். விரலெல்லாம் வடம் அறுத்த காயம்; ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான்.

அவள் விரலை வைக்கோலில் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தாள். கிணற்றோரத் துண்டை அவள் இன்னும் அறுக்கவில்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது; அதைக் கடைசியில் அறுப்பாள் போலிருந்தது.